மாவிலாறு உடைந்த பின்னர் எழுந்திருக்கும் கேள்வி: ஈரூடக வாகனம் எவ்வளவு வேகமாக ஓடும்?

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் கிழக்குக் கரையைத் தொட்டது. 30ஆம் திகதி மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. மகாவலியின் வெள்ளம் சேருவில, மூதூர், வெருகல், கிண்ணியா பிரதேசங்களின் தாழ்நிலங்களுக்குள் புகுந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அனர்த்தம் அது. ஆனால் திருகோணமலை மாவட்டத்தின் தென்பகுதி மக்களுக்கு மாவிலாறு என்ற பெயர் இன்னொரு காலத்தையும் நினைவூட்டும். 2006 ஜூலையில் இதே மாவிலாற்றின் மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்துதான் நான்காம் கட்ட ஈழப்போர் முழு அளவில் வெடித்தது. அன்று தண்ணீர் வராததால் மூண்ட சண்டையில் ஊரை விட்டு ஓடியவர்கள், 19 ஆண்டுகள் கழித்துத் தண்ணீர் வந்ததால் மறுபடியும் மூட்டை கட்டினார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு இந்த மாவட்டத்தில் நான் பேசிய இடங்களில் ஒரு கோரிக்கையைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். தரையிலும் தண்ணீரிலும் ஓடும் வாகனங்கள் மாவட்டத்துக்கு வேண்டும், அதுவும் வேகமானவையாக வேண்டும் என்பதே அது. 2025 ஓகஸ்டில் இந்தியாவின் பஞ்சாப் வெள்ளத்தில் ஆளுயர ரயர்களுடன் மிதந்துபோன இராணுவ வாகனங்களின் காணொளிகள் இங்குள்ள கைத்தொலைபேசிகளிலும் சுற்றின. நியாயமான ஆசைதான். ஆனால் அந்த வாகனங்களின் வேகத்தை எது கட்டுப்படுத்துகிறது என்று தெரியாமல் இந்தக் கோரிக்கையை வைத்தால், நமக்குக் கிடைக்கப்போவது அடுத்த மழைக்காலம் வரை கொட்டகையில் நிற்கும் ஒரு காட்சிப்பொருளாக இருக்கலாம். எனவே அந்தக் கணக்கை முதலில் பார்ப்போம்.

தண்ணீரில் ஏன் ஊர்கின்றன?

பஞ்சாபில் ஓடியது ஏட்டோர் என்ற வாகனம். அதைப் போன்றதே உக்ரைனில் தயாராகும் ஷேர்ப். இரண்டும் தரையில் மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் ஓடும். தண்ணீரில் இறங்கினால் வேகம் மணிக்கு 6 கிலோமீற்றருக்கு விழுந்துவிடும். கனடாவில் 1960களிலிருந்து செய்யப்படும் ஆர்கோ என்ற வாகனம் தண்ணீரில் 4 அல்லது 5 கிலோமீற்றர்தான் போகும். வேகமாக நடக்கும் ஒரு மனிதரின் வேகம் இது. பெரிய எஞ்சினைப் பூட்டினால் இது மாறிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மூன்று காரணங்களால் மாறாது.

முதலாவது, இந்த வாகனங்களுக்கு நீருக்குள் சுழலும் காற்றாடி கிடையாது. ரயரின் பள்ளங்களே துடுப்பு. சுழலும் ரயரின் கீழ்ப்பாதி தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும்போது, நீருக்குள் இருக்கும் மேற்பகுதி அதே தண்ணீரை முன்னுக்குத் தள்ளுகிறது. எஞ்சின் தரும் வலுவில் பெரும்பங்கு நீரைக் கலக்குவதிலேயே போய்விடும். சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுழற்றினால் நுரைதான் கூடும்.

இரண்டாவது, நீளம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் எந்த உடலும் தனக்கு முன்னால் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டு, ஒரு கட்டத்தில் வாகனத்தின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்குமேல் போக வேண்டுமானால் வாகனம் தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏற வேண்டும். கணக்கு எளிமையானது. நீரில் படியும் நீளத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5ஆல் பெருக்கினால் அந்த எல்லை மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கிடைக்கும். 4 மீற்றர் நீளமான வாகனத்துக்கு அது 9 கிலோமீற்றர். 9 மீற்றர் நீளமானதுக்கு 13.5. நடைமுறையும் இதை ஒட்டியே இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் 1942 முதல் ஓடிய அமெரிக்காவின் டக் என்ற ஈரூடக லொறி 9 மீற்றருக்குச் சற்று அதிக நீளமானது. அதன் நீர்வேகம் மணிக்கு 10 கிலோமீற்றர். இலங்கை இராணுவத்திடமும் இருக்கும் பிரிஆர்-80 கவச வாகனம் ஏழரை மீற்றருக்குச் சற்று அதிகமான நீளம் கொண்டது. தரையில் 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் அது தண்ணீரில் 10 கிலோமீற்றர்தான் போகும். எண்பது ஆண்டு இடைவெளியில் எஞ்சின்கள் எவ்வளவோ மாறின. இந்த எண் அதிகம் மாறவில்லை.

மூன்றாவது, நீரின் அடர்த்தி. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதற்குள் வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் வலுவைக் குறைந்தது எட்டு மடங்காக்க வேண்டும். சக்கரங்கள், அச்சுகள், தட்டையான முகப்பு எல்லாம் நீருக்குள் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு வாகனத்துக்கு இது இன்னும் மோசம்.

நமது மீனவர்களின் பைபர் படகு இந்த எல்லையைத் தாண்டி ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். 15 முதல் 40 வரை குதிரைவலு கொண்ட எஞ்சினுடன், அணியம் மேலெழும்ப, தண்ணீரின் மேல் சறுக்கியே போகிறது. அது முடிவதற்குக் காரணம் படகு இலேசானது, அதன் அடிப்பாகம் வழுவழுப்பானது, சக்கரம் எதுவும் தொங்கவில்லை என்பதுதான். ஈரூடக வாகனத்தில் இந்த மூன்றுமே இல்லை.

தரையிலும் ஓர் எல்லை

தரையில் 40 கிலோமீற்றர் என்பதற்கும் காரணம் உண்டு. சேற்றில் புதையாமல் இருக்கவும் தண்ணீரில் மிதக்கவும் இவற்றின் பெரிய ரயர்களில் மிகக் குறைந்த அளவு காற்றையே அடைக்கிறார்கள். பலவற்றில் அதிர்வு தாங்கும் வில்லமைப்பே இல்லை. ரயரே பந்துபோல அந்த வேலையைச் செய்கிறது. கொங்கிறீற் வீதியில் வேகம் கூடினால் அந்தப் பந்து துள்ளத் தொடங்கும். ரயரும் சூடேறும். திருப்புவதற்கும் காரைப்போல முன்சக்கரம் வளைவதில்லை. ஒரு பக்கச் சக்கரங்களை நிறுத்தி, மறுபக்கச் சக்கரங்களை ஓடவிட்டு, டாங்கி திரும்புவதைப்போலத் திருப்ப வேண்டும். உயரமான உடலை அப்படி 80 கிலோமீற்றர் வேகத்தில் திருப்பினால் கவிழும். ஆகவே இவற்றைத் தூர இடங்களுக்கு லொறியில் ஏற்றிக்கொண்டு போவதே வழக்கம்.

சுருங்கச் சொன்னால், சேற்றுக்கும் நீருக்குமாகச் செய்த ஒவ்வொரு விட்டுக்கொடுப்பும் வேகத்திலிருந்தே கழிக்கப்படுகிறது.

வேகத்தை விலைகொடுத்து வாங்கியவர்கள்

இந்த எல்லையை உடைக்க முடியாதா என்று கேட்டால், முடியும். உடைத்தும் இருக்கிறார்கள். 2012இல் கிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய குவாட்ஸ்கி என்ற நாற்சக்கர வாகனம் தரையிலும் நீரிலும் மணிக்கு 72 கிலோமீற்றர் ஓடியது. நீரில் இறங்கியதும் சக்கரங்கள் மேலே மடிந்துகொள்ளும். நீர்த்தாரை அதைத் தள்ளும். வாகனம் படகாகி நீரின் மேல் சறுக்கும். ஆனால் அதில் ஏறக்கூடியது ஒருவர் அல்லது இருவர். வீட்டுக் கூரையில் நிற்கும் ஒரு குடும்பத்தை அதில் கொண்டுவர முடியாது.

பெரிய அளவில் முயன்றது அமெரிக்க மரைன் படை. 17 படையினரைச் சுமந்துகொண்டு கடலில் மணிக்கு 46 கிலோமீற்றர் வேகத்தில் சறுக்கும் கவச வாகனம் ஒன்றை அவர்கள் உருவாக்கினார்கள். அதற்குத் தரையில் ஓட 850 குதிரைவலு போதும். நீரின் மேல் எழும்ப 2,700 குதிரைவலு தேவைப்பட்டது. ஏறக்குறைய 300 கோடி டொலர் செலவழித்த பிறகு, 2011 ஜனவரியில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. அவர்கள் தொடர்ந்து ஓட்டிய பழைய வாகனத்தின் நீர்வேகம் 13 கிலோமீற்றர். அந்த ரகத்தில் ஒன்று 2020 ஜூலை 30 அன்று கலிபோர்னியக் கரைக்கு அப்பால் பயிற்சியின்போது மூழ்கி ஒன்பது பேர் இறந்தார்கள். மோசமான பராமரிப்பும் போதாத பயிற்சியும் காரணம் என்று விசாரணை சொன்னது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 2018 ஜூலை 19 அன்று, மிசூரி மாநிலத்தின் ஏரி ஒன்றில் சுற்றுலாப் பயணிகளுடன் சென்ற டக் ரக வாகனம் புயற்காற்றில் மூழ்கி 17 பேர் இறந்தார்கள்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் வேகக் குறைவு பிரச்சினையாக இருக்கவில்லை. நீர்மட்டத்துக்கும் வாகனத்தின் விளிம்புக்கும் இடையில் இருந்த உயரம் போதவில்லை. உள்ளே புகுந்த நீரை வெளியேற்ற முடியவில்லை. மூடிய கூரைக்குள் இருந்தவர்களால் வெளியே வர முடியவில்லை. கிண்ணியாவுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஓடிய படகுப்பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படக் குறைந்தது ஆறு பேர் இறந்தார்கள். அந்தப் பாதை கடந்தது சிறிய தூரம். ஓடியது மெதுவாக. பாரமும் பாதுகாப்பு அங்கியும் கவனிக்கப்படாத இடத்தில் மெதுவான வேகமும் உயிரைக் காப்பாற்றாது.

மூதூருக்கு ஒரு கணக்கு

இப்போது இதை நமது நிலத்தில் வைத்துப் பார்ப்போம். ஓர் உதாரணம்: வாகனம் நிற்கும் இடத்திலிருந்து 10 கிலோமீற்றர் வீதி. அதன் பிறகு வெள்ளம் மூடிய 3 கிலோமீற்றர் வயல். அதற்கு அப்பால் 80 பேர் சிக்கியிருக்கும் ஒரு கிராமம்.

தரையில் 40, நீரில் 6 கிலோமீற்றர் ஓடும் வாகனம் வீதிக்கு 15 நிமிடமும் வயலுக்கு 30 நிமிடமும் எடுக்கும். மொத்தம் 45 நிமிடம். தரைவேகத்தை இரட்டிப்பாக்கி 80 ஆக்கினால் மிச்சமாவது ஏழரை நிமிடம். அதற்குப் பிறகு அந்த வேகத்தால் எந்தப் பயனும் இல்லை. ஏனென்றால் மீட்பு என்பது ஒரு தடவை போய்ச் சேர்வதோடு முடிவதில்லை. ஒரு தடவைக்கு எட்டுப் பேரை ஏற்றினால் பத்துத் தடவை போய்வர வேண்டும். வயலைக் கடந்து போய்வர ஒரு மணித்தியாலம் வீதம் பத்து மணித்தியாலம்.

அதே கிராமத்தில் இரண்டு பைபர் படகுகள் முன்கூட்டியே நிறுத்தப்பட்டிருந்தால்? பாரத்தோடு மெதுவாக, 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினாலும் போய்வர 24 நிமிடம். தடவைக்கு ஆறு பேர் என்றால் 14 தடவைகள். இரண்டு படகுகளும் பங்கிட்டால் மூன்று மணித்தியாலத்துக்குள் எல்லோரும் கரைசேர்ந்துவிடலாம்.

இது தேங்கிய நீருக்கான கணக்கு. ஓடும் நீரில் நிலைமை வேறு. மகாவலியோ வெருகலாறோ பெருக்கெடுக்கும்போது நீரோட்டம் மணிக்கு 4 கிலோமீற்றர் என்று வைத்தால், 6 கிலோமீற்றர் வாகனம் எதிர்த்திசையில் முன்னேறுவது மணிக்கு 2 கிலோமீற்றர். 3 கிலோமீற்றருக்கு ஒன்றரை மணித்தியாலம். நீரோட்டம் விநாடிக்கு 2 மீற்றரானால், அதாவது மணிக்கு 7.2 கிலோமீற்றரானால், எஞ்சின் முழு வலுவில் ஓடிக்கொண்டிருக்க வாகனம் பின்னோக்கிப் போகும். அணை உடைந்த இடத்துக்கு அருகில் இவ்வாகனத்தை இறக்குவது ஓட்டுநரையும் பலிகொடுக்கும் காரியம். 2 அடி ஆழமான ஓடும் நீர் பெரும்பாலான சாதாரண வாகனங்களையே இழுத்துச் சென்றுவிடும் எனும்போது, மிதப்பதற்கென்றே செய்யப்பட்ட வாகனத்துக்கு நிலத்தில் பிடியே இருக்காது.

ஹெலிகொப்டர் இருக்கிறதே என்று சொல்லலாம். டித்வாவின்போது இலங்கை விமானப்படையும் இந்திய ஹெலிகொப்டர்களும் பலரைத் தூக்கிக் காப்பாற்றின. ஆனால் நவம்பர் 30ஆம் திகதி லுணுவிலவில் நிவாரணப் பணியிலிருந்த பெல் 212 ஹெலிகொப்டர் வீழ்ந்து அதன் விமானி உயிரிழந்தார். எல்லா ஊர்திக்கும் ஓர் எல்லை இருக்கிறது. எதை எங்கே நம்புவது என்பதைத்தான் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

அப்படியானால் தேவையே இல்லையா?

தேவை இருக்கிறது. ஆனால் வேறு காரணத்துக்காக. வெள்ளம் பாதி வடிந்த வயலில் படகு உதவாது. எஞ்சினின் காற்றாடி வரம்பில் அடிபடும், முள்ளுக்கம்பி வேலியில் சிக்கும், முழங்கால் ஆழத்தில் படகு தரைதட்டும். உழவு இயந்திரமோ சேற்றில் புதையும், ஆழமான பள்ளத்தில் நின்றுவிடும். படகுக்கு நீர் போதாத, உழவு இயந்திரத்துக்கு நீர் கூடிய அந்த இடைப்பட்ட நிலம்தான் ஈரூடக வாகனத்தின் இடம். வெருகல், ஈச்சிலம்பற்று, சேருவிலப் பக்கங்களில் பாலமோ வீதியோ அரித்துப்போன பிறகு, பல நாள்களுக்கு நிலம் இப்படித்தான் கிடக்கும். இன்சுலின் தேவைப்படுபவர், பிரசவ வலி கண்ட தாய், சிறுநீரக நோயாளி ஆகியோருக்கு அந்த நாள்களில் மணிக்கு 6 கிலோமீற்றரும் பெரிய வேகம்தான்.

ஆகவே எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று கேட்பதை விட்டு வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். எத்தனை பேரை ஏற்றும்? பாரம் ஏறிய பின் விளிம்பு நீருக்கு மேல் எவ்வளவு நிற்கும்? கூரையைத் திறந்து வெளியேற எத்தனை வழி? அதன் ரயரும் எஞ்சின் உதிரிப்பாகமும் திருகோணமலையில் கிடைக்குமா? இந்திய இராணுவம் 2023இல் 96 ஏட்டோர் வாகனங்களுக்கு ஏறத்தாழ 250 கோடி இந்திய ரூபாவுக்கு ஒப்பந்தம் செய்தது. ஒன்றுக்கு இரண்டரைக் கோடி இந்திய ரூபாவுக்கும் மேல். அந்தப் பணத்தில் இங்கு எத்தனை படகும் எஞ்சினும் பாதுகாப்பு அங்கியும் வாங்கலாம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

யாருடைய கையில்?

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஈரூடகம் என்ற சொல் இந்த மாவட்டத்தில் நிவாரணத்தின் சொல்லாக வந்ததல்ல. 1991 ஜூலையில் முற்றுகையிலிருந்த ஆனையிறவு முகாமை விடுவிக்க வெற்றிலைக்கேணியில் இராணுவம் தரையிறங்கிய நடவடிக்கைக்குத் தளமாக இருந்தது திருகோணமலை. 2000 மார்ச்சில் விடுதலைப் புலிகள் குடாரப்பில் தரையிறங்கினார்கள். தரையிறக்கம் என்ற சொல்லோடு ஷெல்லடியும் இடப்பெயர்வும் சேர்ந்தே நினைவில் நிற்கும் தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்றும் கிழக்குக் கடற்படைக் கட்டளைத் தலைமையகம் திருகோணமலைத் துறைமுகத்தில்தான் இருக்கிறது. கடற்படையின் மரைன் பிரிவு 2016இல் உருவாக்கப்பட்டபோது அமெரிக்க மரைன்களுடனான தொடக்கப் பயிற்சியும் இங்கேயே நடந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் பாதுகாப்பு அமைச்சின் கீழேயே இயங்குகிறது.

கடற்படையினர் வெள்ளத்தில் மக்களைக் காப்பாற்றினார்கள் என்பது உண்மை. அதைச் சொல்லத் தயங்கத் தேவையில்லை. ஆனால் 2006இல் இடம்பெயர்ந்து, முகாம்களில் பல ஆண்டுகள் கிடந்து, 2015, 2016 காலப்பகுதியில்தான் தமது காணிகளுக்குத் திரும்பிய சம்பூர் மக்களிடம், உங்கள் மீட்பு வாகனமும் முகாமின் கம்பி வேலிக்குள்தான் நிற்கும் என்று சொல்வது வெறும் நிர்வாக ஏற்பாடு ஆகிவிடாது. சீருடையைக் கண்டதும் ஒரு மூதாட்டி ஏறத் தயங்கும் ஐந்து நிமிடத்தை எந்த எஞ்சினாலும் மீட்டுத்தர முடியாது. வாகனம் எங்கே நிற்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, அழைத்தால் எந்த மொழியில் பதில் வருகிறது என்பவையும் வேகத்தின் பகுதிகளே.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டித்வாவின்போது எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது. மேலே சொன்ன கணக்கை இதற்கும் போட்டுப் பார்க்கலாம். வாகனத்தின் தரைவேகத்தை இரட்டிப்பாக்கிக் கிடைப்பது ஏழரை நிமிடம். மகாவலியின் மேற்பகுதியில் நீர்மட்டம் ஏறுகிறது என்ற செய்தி தமிழில் ஒரு மணித்தியாலம் முந்தி வந்தால் கிடைப்பது அறுபது நிமிடம். மாவிலாற்றுக்குக் கீழேயுள்ள கிராமத்தவர் அந்த அறுபது நிமிடத்தில் தம் கால்களாலேயே மேட்டுநிலத்துக்குப் போய்விடலாம்.

எனவே பிரதேச சபைகளிலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டங்களிலும் இந்த வாகனக் கோரிக்கையை முன்வைப்பவர்கள் அதை இப்படித் திருத்தலாம் என்பது எனது கருத்து. முதலில், வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர், கிண்ணியா ஆகிய இடங்களில் ஒக்டோபருக்கு முன்னரே மீனவர் சங்கங்களின் படகுகளும் எஞ்சின்களும் எந்தெந்தக் கிராமத்தில் நிற்கும் என்ற பட்டியல் வேண்டும். எரிபொருளுக்கும் சேதமடைந்தால் இழப்பீட்டுக்கும் எழுத்தில் உத்தரவாதம் வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்திலிருந்து இன்றுவரை தமது படகுகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வெள்ளத்துக்குள் இறங்கியவர்கள் அவர்களே. அடுத்து, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்டத் தகவல் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் கிராம சேவையாளர் வரை வர வேண்டும். அதற்குப் பிறகு, ஒன்றோ இரண்டோ ஈரூடக வாகனம். அது துறைமுகத்தில் நிற்காமல் ஆற்றுக்குத் தெற்கே, பிரதேச செயலகத்தின் பொறுப்பில், அந்த ஊர் இளைஞர்களையே ஓட்டுநர்களாகப் பயிற்றுவித்து நிறுத்தப்பட வேண்டும். பாலம் உடைந்த பிறகு அக்கரையில் நிற்கும் வாகனம் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இக்கரைக்கு உதவாது.

வடகீழ்ப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் கடைசியில் தொடங்கி விடுகிறது. மாவிலாற்று அணைக்கட்டின் திருத்தம் எவ்வளவு தூரம் முடிந்தது என்று கேட்கும் அதே கூட்டத்தில், படகுப் பட்டியல் எங்கே என்றும் கேட்க வேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்க வெளிநாட்டு உதவி தேவையில்லை. ஒரு வாரமும் ஒரு கொப்பியும் போதும்.